நோய் அட்டையில் விடுபட்ட காயம்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வருபவர் ஒரே ஆள் அல்ல. ஒரே இடத்தில் வழி தவறிய பல கோவைகளைச் சேர்த்து, யாருடைய அடையாளமும் தெரியாதபடி ஒருவராக எழுதியிருக்கிறோம். காயப்பட்டவர்களோடு கிளினிக்குக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைகிறவர்களுக்கும், வெளிநோயாளர் பிரிவில் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் மட்டுமே கிடைக்கிற இளம் வைத்தியர்களுக்கும் இது பயன்பட வேண்டும்.

ஆளும் நோயும்

வயது 49. புதுக்குடியிருப்புப் பக்கம். மனைவி, இரண்டு பிள்ளைகள். மேசன் வேலைக்குக் கூடப் போகிறவர், வயல் காலத்தில் வயல். முன்னாள் போராளி. 2009 பெப்ரவரியில் இடது தொடையின் கீழ்ப்பகுதியில் ஷெல் துண்டுகள் பட்டன. காயத்தைக் கழுவி, வெளியே தெரிந்த துண்டுகளை எடுத்துக் கட்டிவிட்டார்கள். என்பு வெடித்திருந்தது. என்பை வெளியிலிருந்து பிடித்து வைக்கிற வெளிச்சட்டம் போட வசதி இல்லை, மட்டை வைத்துக் கட்டினார்கள். மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்து, தடுப்பு, புனர்வாழ்வு என்று இரண்டு வருடம் இருந்துவிட்டு வீடு திரும்பினார்.

இன்று முழங்காலுக்கு நான்கு விரல் மேலே, வெளிப்பக்கத்தில், ஒரு பொந்து. நெல்மணி அளவு வாய். சுற்றிலும் தோல் கறுத்து, உள்ளே இழுபட்டு என்போடு ஒட்டியிருக்கிறது. பழைய சாரத்தைக் கிழித்து, அவித்துக் காய வைத்த துணியை நாலாக மடித்து வைத்துக் கட்டுகிறார். பின்னேரம் வேலை முடியும்போது துணியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு மஞ்சள் படும். சில மாதம் பொந்து மூடிக்கொள்ளும். மூடினால் நல்லது என்று வீட்டார் நினைப்பார்கள். மூடிய மூன்றாம் நாளே காய்ச்சல் வரும், தொடை கல்லாகும், கால் வைக்க ஏலாது. பிறகு அது உடைத்துக்கொண்டு ஓடும், நோ குறையும். பதினாறு வருடமாக இதுதான் சுற்று.

அதோடு இடது பாதம் தூக்குப்படாது. நடக்கும்போது செருப்பு கழன்று போனது அவருக்குத் தெரியாது, பின்னால் வருகிறவர் சொன்னால்தான் தெரியும். முழங்காலுக்கு வெளிப்பக்கமாக இறங்கும் நரம்பு அன்றைக்கே அறுந்தது. புதிதாக வந்த நோய் இல்லை.

பதினொரு துண்டும் ஐந்து நாள் மருந்தும்

கிளினிக் கொப்பிகளையும் வெளிநோயாளர் துண்டுகளையும் ஒரு பொலித்தீன் பையில் சுருட்டி வைத்திருந்தார். எடுத்து நாள்வாரியாக அடுக்கியபோது, ஒரே காலுக்குப் பதினொரு தடவை மருந்து எழுதப்பட்டிருந்தது. "கால் புண்", "தோல் தொற்று", "கட்டி" என்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஐந்து அல்லது ஏழு நாளுக்குக் கிளொக்சசிலின் என்ற அன்ரிபயோற்றிக், கூடவே நோ மருந்தான டைக்ளோஃபெனாக். எந்தத் துண்டிலும் 2009 இல்லை. ஷெல் என்ற சொல் இல்லை. எக்ஸ்றே எடுக்கும்படி எழுதியது ஒரு வைத்தியர்தான், அதற்கு இவர் போகவில்லை.

எழுதிய வைத்தியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இவரே சொல்லவில்லை. 2009 நடுப்பகுதியில் முகாமில் காலைக் காட்டியபோது, "மரத்தால விழுந்தது" என்று சொன்னார். அந்த நேரம் அப்படிச் சொன்னவர்கள் ஏராளம், காரணத்தை விளக்கத் தேவையில்லை. ஆனால் அன்று பயத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தை முதல் அட்டையில் ஏறியது. அடுத்த வைத்தியர் அந்த அட்டையைப் பார்த்து எழுதினார், அதற்கடுத்தவர் அவரைப் பார்த்து எழுதினார். மரத்தால் விழுந்த காலில் இத்தனை வருடம் கழித்து வரும் சீழ் தோல் புண்ணாகத்தான் தெரியும்.

காயத்தின் காரணம் அட்டையில் ஏறுவது மரியாதைக்காகவோ உதவிப்பணத்துக்காகவோ மட்டும் கேட்கப்படுவதில்லை, முதலில் அது வைத்தியத்துக்கே வேண்டியது. காரணம் எழுதப்படாத துண்டு ஐந்து நாள் மருந்தோடு முடிந்துவிடும். "2009 வெடிப்புக் காயம், திறந்த என்பு முறிவு, உள்ளே உலோகத் துண்டுகள்" என்று ஒரு வரி இருந்தால், பார்க்கிற வைத்தியரின் கை தானாகவே எக்ஸ்றே படிவத்துக்குப் போகும்.

என்ன நோய், எப்படி உறுதியானது

இரண்டு கோணத்தில் எடுத்த எக்ஸ்றேயில் ஏழு உலோகத் துண்டுகள் தெரிந்தன. பெரியது ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. தொடை என்பு வளைந்து பொருந்தியிருந்தது. நடுவில் ஒரு குகை, அதற்குள் சுற்றியுள்ளதைவிட வெள்ளையாக ஒரு என்புச் சில்லு. அது செத்த என்பு. இரத்த ஓட்டம் இல்லாத அந்தச் சில்லுக்குள் மருந்து போகாது, கிருமி அங்கேயே குடியிருக்கும். மாத்திரை வெளிச் சதையில் உள்ளதைத் தணிக்கும், நிறுத்தியதும் உள்ளிருந்து திரும்ப வரும். நாள்பட்ட என்புத் தொற்று பதினொரு தடவை மருந்துக்கும் அடங்காததற்குக் காரணம் இதுதான்.

இங்கே மூன்று பிழைகள் வழக்கமாக நடக்கின்றன.

பொந்தின் வாயில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து, கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவது ஒன்று. அதில் வருவது பெரும்பாலும் தோலில் இருக்கிற கிருமி. உள்ளே இருப்பதை அறிய வேண்டுமென்றால் சத்திரசிகிச்சையின்போது என்பிலிருந்தே துணுக்குகள் எடுக்க வேண்டும், ஒன்றல்ல, பல இடத்தில். அதற்கு முன் இரண்டு கிழமையாவது அன்ரிபயோற்றிக் நிறுத்தியிருக்க வேண்டும். ஆள் காய்ச்சலோடு கடுமையாகக் கிடந்தால் அந்தக் காத்திருப்புக்கு இடமில்லை, அதை வைத்தியர் முடிவு செய்வார். இதைத் தெரியாமல் முதல் நாள் பாமசியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போனால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம்.

இரண்டாவது, எல்லாவற்றையும் பழைய காயத்தின் தலையில் போடுவது. வயலில் வெறுங்காலோடு சேற்றில் நிற்கிற ஆளுக்கு, நீரிழிவும் இருந்தால், மெலியோயிடோசிஸ் வரலாம். அதன் கிருமி மண்ணிலும் நீரிலும் இருக்கிறது, இலங்கையில் பல மாவட்டங்களில் கண்டிருக்கிறார்கள், அதற்கான மருந்து வேறு. காசநோயும் என்பைப் பிடிக்கும். ஆகவே ஆய்வுகூடத்துக்குப் போகிற படிவத்தில் "வயல் வேலை, நீரிழிவு" என்று எழுதச் சொல்லுங்கள். இவருக்கு நீரிழிவு இருப்பது இந்தச் சோதனையில்தான் தெரியவந்தது. மூன்று மாதச் சராசரிச் சீனி 8.4 வீதம். சீனி கட்டுப்படாமலும் பீடி நிற்காமலும் வெட்டினால் காயம் ஆறாது.

மூன்றாவது பிழை டைக்ளோஃபெனாக். நோவுக்கு வருடக்கணக்காக அதையே விழுங்கியிருக்கிறார். சிறுநீரக நோய் ஏற்கெனவே கூடுதலாகக் காணப்படும் வவுனியா, முல்லைத்தீவு வறள் நிலத்தில், நீரிழிவுக்காரருக்கு, இது நல்லதல்ல. சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியற்றினின் என்ற குருதிச் சோதனை பார்க்காமல் தொடரக் கூடாது. சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். பல வருடச் சீழ் உடம்பில் அமிலோயிட் என்ற புரதத்தைப் படிய வைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். கால் எரிவுக்கும் மின்சாரம் அடித்தாற்போன்ற நோவுக்கும் டைக்ளோஃபெனாக் பெரிதாக உதவாது. அது நரம்பு நோ, அமிற்றிரிப்ரிலின், கபாபென்ரின் போன்ற வேறு வகை மருந்து வேண்டும். "நோகுது" என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எரிவா, குத்தா, மரத்துப் போகிறதா, இரவில் கூடுகிறதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில்

இடையில் நாரி நோவுக்காக எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருந்தார்கள். படிவத்தில் "உடலில் உலோகம் உண்டா" என்ற கேள்விக்கு இவர் "இல்லை" என்று போட்டிருந்தார். தகடு, ஆணி வைத்ததைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தாராம். உடுப்பு மாற்றும்போது தழும்பைக் கண்ட ஊழியர் கேட்டதால்தான் நிறுத்தினார்கள்.

ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு. காந்தத்துக்குள் அது அசையலாம், சூடாகலாம். தசைக்குள் வருடக்கணக்காகத் தழும்புத் திசு சுற்றி இறுகிய துண்டு பொதுவாக நகராது, ஆனால் கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் அருகே இருந்தால் பார்வையோ உயிரோ போகலாம். ஆகவே காயப்பட்ட எவரும் முதலில் சாதாரண எக்ஸ்றே எடுத்துத் துண்டுகள் எங்கெங்கே என்று எழுதி வாங்க வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குப் போகலாமா, சி.ரி. ஸ்கான் போதுமா என்பதைக் கதிரியக்க வைத்தியர் முடிவு செய்வார். அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் "உடலில் உலோகத் துண்டுகள், எம்.ஆர்.ஐ.க்கு முன் கேட்கவும்" என்று எழுதுவிப்பது ஒரு நிமிட வேலை.

"பீஸ் ஓடித் திரியுது, அதை எடுத்தால் எல்லாம் சரி" என்பது ஊரில் பலமான நம்பிக்கை. எல்லாத் துண்டையும் எடுக்கத் தேவையில்லை. தேடி வெட்டுவதால் வரும் சேதம் சில வேளை துண்டைவிடக் கூட. மூட்டுக்குள் இருப்பது, சீழ் பிடித்தது, நரம்பை அழுத்துவது, தோலடிக்கு வந்து குத்துவது, இவை எடுக்க வேண்டியவை. ஈயத் துண்டு மூட்டு நீரில் கரைந்து குருதியில் ஏறும் என்பதால் மூட்டுக்குள் உள்ளதைச் சும்மா விடக் கூடாது. தோலடிக்கு வந்ததைச் சவர அலகால் கீறி எடுக்கிறவர்களும் உண்டு. ஏற்பு ஊசி கூடப் போடாமல் அப்படிச் செய்வது ஆபத்து.

தொடர்பை எழுதுவித்தல்

அமெரிக்காவில் முன்னாள் படையினர் ஒருவர் தன் நோயைச் சேவையோடு இணைக்க மூன்று காட்ட வேண்டும்: இன்றைய நோய், அன்றைய நிகழ்வு, இரண்டையும் இணைக்கும் வைத்தியக் கருத்து. 2022 இல் அங்கே வந்த பாக்ற் சட்டம் நச்சுப் புகை போன்றவற்றுக்கு ஆளானவர்களின் பல நோய்களுக்கு மூன்றாவதை நிரூபிக்கும் சுமையை எடுத்துவிட்டது. இலங்கையில் அரச படையினருக்கு ஓய்வூதிய ஏற்பாடும் 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ரணவிரு சேவா அதிகாரசபையும் உண்டு. வன்னியின் முன்னாள் போராளிக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. ஆனாலும் அந்த மூன்று விடயங்களையும் அப்படியே கடன் வாங்கிக் கோவை தயாரிப்பது நல்ல பழக்கம். எந்த மேசைக்குப் போனாலும் கேட்கப்படுவது இவற்றில் ஒன்றுதான்.

இன்றைய நோய்க்கு எக்ஸ்றே, குருதிச் சோதனை, என்பியல் வைத்தியரின் குறிப்பு. இது எளிது.

அன்றைய நிகழ்வுதான் கடினம். இடம்பெயர்ந்து போன வைத்தியசாலைகளின் பதிவுகள் பெரும்பாலும் அழிந்தன. ஆனால் எல்லோருடையதும் அல்ல. 2009 பெப்ரவரி 10 இலிருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பலில் புதுமாத்தளனிலிருந்து திருகோணமலைக்கும், பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அங்கே அனுமதிப் பதிவு இருந்திருக்கும். அங்கிருந்து வேறு வைத்தியசாலைக்கு மாற்றியிருந்தால் அங்கும் ஒன்று. கேட்கும்போது பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் கேட்காதீர்கள். சிங்களத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய பெயர் எப்படியும் மாறியிருக்கும். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதும் மாறும். நான்கு விதமாக எழுதிக் கொடுங்கள், வயது, அனுமதித்த மாதம், எந்தக் கால் என்பதையும் சேருங்கள். வாயால் கேட்டு "இல்லை" என்று வந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். "அழிக்கப்பட்டுவிட்டது" என்று எழுத்தில் வந்தாலும் அது கோவையில் இருக்க வேண்டிய கடிதம்தான்.

இவர் கப்பலில் போகவில்லை, அவருக்கு இந்த வழி அடைபட்டது. மிஞ்சியது உடம்பும் சாட்சியும். தழும்புகளை ஒரு உடல் வரைபடத்தில் அளவோடு குறித்தோம்: உள்நுழைந்த இடம், வெளியேறிய இடம், வெட்டிய தையல் தழும்பு வேறு வேறாக. அன்று காவிச் சென்ற இருவர் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி கொடுத்தார்கள். அதில் மாதம், இடம், எந்தக் கால், இரத்தம் வந்ததைக் கண்டது ஆகியவை மட்டும் போதும். யார், எந்த அணி என்று தேவையில்லாததை எழுதி ஒருவரையும் சங்கடத்தில் விடாதீர்கள். வைத்தியரும் அதை எழுதத் தேவையில்லை. "வெடிப்புக் காயம்" என்பது வைத்தியச் சொல், அதற்குக் கட்சி கிடையாது. பயத்தால் வாய் திறக்காதவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறோம்: "அண்ணை, நீங்கள் ஆரெண்டு சொல்லத் தேவையில்லை, கால் எப்பிடிக் காயப்பட்டதெண்டு மட்டும் சொல்லுங்கோ."

பழைய அட்டையில் இருந்த "மரத்தால் விழுந்தது" என்ன ஆனது? அதை அழிக்கவோ கிழிக்கவோ கூடாது. அழித்த அட்டை மற்ற எல்லாக் கடதாசியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். என்பியல் வைத்தியர் எழுதிய கடிதத்தின் சாரம் இப்படி இருந்தது: "முன்னைய குறிப்பில் விழுந்த காயம் என உள்ளது. நோயாளி தற்போது 2009 இல் ஏற்பட்ட வெடிப்புக் காயம் எனக் கூறுகிறார். கதிர்ப்படத்தில் தொடையில் ஏழு உலோகத் துண்டுகளும் பழைய முறிவும் உள்ளன. இவை விழுந்ததால் ஏற்பட முடியாதவை, வெடிப்புக் காயத்தோடு பொருந்துபவை. தற்போதைய நாள்பட்ட என்புத் தொற்றும் பாதத் தொய்வும் அக்காயத்தின் விளைவுகள்." ஐந்து வாக்கியம். கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் முதல் நான்கும் வெறும் விபரம். வைத்தியர் ஓடி ஓடிப் பார்க்கிற கிளினிக் நாளில் இதைக் கேட்டால் கிடைக்காது. நாள்வரிசைப்படி ஒரு பக்கச் சுருக்கத்தை முன்கூட்டியே எழுதி, எக்ஸ்றேயோடு கொடுத்து, அடுத்த கிளினிக்கில் கடிதம் கேட்பது நடக்கிற வழி.

எக்ஸ்றே படம் தகரக் கூரை வீட்டில் வெக்கைக்கு ஒன்றோடொன்று ஒட்டி உரிந்துபோகும். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில், பின்னால் வெள்ளைத் துணி கட்டி, பெயரும் திகதியும் தெரியக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

ஊசி பற்றிய பயம்

தடுப்பில் போட்ட ஊசியால்தான் இந்த நோய் என்று இவர் நம்பினார். 2016 இல் முன்னாள் போராளிகள் சிலரின் இறப்புகளை ஒட்டி இந்தப் பயம் பகிரங்கமாகப் பேசப்பட்டது, வடக்கு மாகாண சபையும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று கோரியது. இதைச் சிரித்துத் தள்ளுகிறவரிடம் நோயாளி மறுபடி வரமாட்டார். எப்போது, எங்கே, எந்தக் கையில், பிறகு என்ன வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் "எல்லாச் சோதனையும்" என்று ஒரு சோதனை இல்லை. கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு: களத்தில் அவசரமாக இரத்தம் ஏற்றியவருக்கு ஹெப்பற்றைற்றிஸ் பி, சி, எச்.ஐ.வி.; நெரிசலில் இருந்தவருக்கு நெஞ்சு எக்ஸ்றே, சளிச் சோதனை; எல்லோருக்கும் முழுக் குருதி எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம். இவருக்கு இவை வழமையாக இருந்தன. அவருடைய கால் நோய்க்கான காரணம் எக்ஸ்றேயில் வெள்ளையாகத் தெரிந்தது. அதைக் காட்டி விளக்கிய பிறகுதான் வெட்டுக்குச் சம்மதித்தார்.

நித்திரையின்மை, திடுக்கிட்டு எழுதல், வெடிச் சத்தத்துக்கு ஒளித்தல் ஆகியவையும் இருந்தன. அவற்றுக்கு உளநலப் பிரிவுக்குத் தனிக் கடிதம் போனது. கால் கோவைக்குள் அதைச் செருகினால் இரண்டும் பலவீனமாகும்.

வெட்டும் உதவிப்பணமும்

சத்திரசிகிச்சையில் மூன்று சென்ரிமீற்றர் செத்த என்பும் அதைத் தொட்டிருந்த இரண்டு உலோகத் துண்டுகளும் எடுக்கப்பட்டன. மற்ற ஐந்தையும் தொடவில்லை. என்புத் துணுக்கில் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி வளர்ந்தது. ஆறு கிழமை மருந்து, முதல் இரண்டு கிழமை நாளத்தால். பொந்தின் ஓரத் தோலும் சோதனைக்குப் போனது. பல வருடம் ஓடிய பொந்தில் தோல் புற்று வரலாம் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. ஓரம் தடித்து மேலெழுந்தால், மணம் மாறினால், இரத்தம் கசிந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். இவருக்குப் புற்று இல்லை.

மாற்றுத்திறனாளி உதவிப்பணம் 2025 ஏப்பிரலில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்கு உயர்ந்தது. இதற்குக் காயத்தின் காரணம் தேவையில்லை, வருமானமும் இயலாமையும்தான். முதல் விண்ணப்பம் திரும்பியது. வைத்தியச் சான்றிதழில் "என்புத் தொற்று, சிகிச்சையில்" என்று மட்டும் இருந்தது. சிகிச்சையில் என்றால் சுகப்படும் என்று மேசையில் இருக்கிறவர் வாசிப்பார். இரண்டாவது சான்றிதழில் நோயின் பெயருக்குக் கீழே இயலாமை எழுதப்பட்டது: இடது பாதம் நிரந்தரமாகத் தூக்க முடியாது, குந்தியிருக்க முடியாது, ஊன்றுகோல் இன்றி 200 மீற்றருக்கு மேல் நடக்க முடியாது, பாரம் தூக்க முடியாது, இடது கால் இரண்டு சென்ரிமீற்றர் கட்டை. இதோடு அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வங்கிப் புத்தகப் பிரதி ஆகியவை சமூக சேவை உத்தியோகத்தரிடம் போயின. ஏற்றுக்கொண்டு காத்திருப்புப் பட்டியலில் போட்டார்கள். பதிவு இலக்கத்தை எழுத்தில் வாங்கினோம்.

2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகத்துக்கு வேறு கோவை. அங்கே காரணம்தான் முக்கியம், ஆகவே அந்த ஐந்து வாக்கியக் கடிதமும் சத்தியக் கடதாசிகளும் அங்கே போயின. மூலப்பிரதி எங்கும் கொடுக்கவில்லை. மூன்று தொகுதிப் பிரதிகள் எடுத்து, ஒன்று வீட்டில், ஒன்று உறவுக்காரர் வீட்டில், ஒன்று கையில். அந்த விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாதத்துக்குப் பிளாஸ்ரிக் தாங்கி அளவெடுத்துச் செய்யப்பட்டது. முதலாவது கணுக்கால் என்பில் உராய்ந்து கொப்புளம் வந்தது; உணர்ச்சி இல்லாத கால் என்பதால் அவருக்கு நோகவில்லை, மனைவிதான் கண்டார். சூடாக்கி அந்த இடத்தை வெளியே தள்ளிச் சரிசெய்தார்கள். இப்போது காலையில் போட முன்னும் இரவு கழற்றிய பின்னும் கண்ணாடி வைத்துப் பாதத்தின் அடியைப் பார்க்கிறார். பொந்து நான்கு மாதமாக மூடியிருக்கிறது, இந்தத் தடவை காய்ச்சல் இல்லாமல். உடம்பில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். குருதிச் சோதனை 68 இலிருந்து 22 க்கு இறங்கியிருக்கிறது. அடுத்த எக்ஸ்றே வெட்டு முடிந்து ஆறாம் மாதத்தில், அன்றைக்குக் கிரியற்றினினும் சிறுநீர்ப் புரதமும் சேர்த்துப் பார்க்கும்படி அட்டையில் எழுதப்பட்டிருக்கிறது.